வாசலோரத்து நாற்காலி

லண்டனில் பத்து வருஷமாக இருக்கிறீர்களே, அந்த ஊரை வைத்து ஒரு நாவல் எழுதக் கூடாதா என்று பத்திரிகாசிரியர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரையில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். நான் ஏதாவது சொல்லி மழுப்பிவிடுவேன். உண்மையைச் சொல்ல லஜ்ஜையாக இருந்தது. லண்டன் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மற்றவர்களுக்குத் தெரிகிற மாதிரித் தெரியாது. தேம்ஸ் நதியின் பாலங்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் மூன்றாவது பாலத்தில் தடுமாறுவேன். எந்தப் பாலத்திலிருந்து எத்தனை நிமிஷ நடையில் கக்கூஸ் இருக்கிறது என்று கேளுங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

இந்த வார்த்தையைக் கண்டதும் முகம் சுளிக்கிறவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். அடுத்த பக்கத்தில் யாராவது நல்ல காதல் கதை எழுதியிருப்பார்கள். நானே பதினாலு நாவல் எழுதியிருக்கிறேன். ஒன்றிலாவது கதாநாயகன் வெளிக்குப் போனதாக ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. அது கடைசியில் வரும்.

எனக்கு வந்திருப்பது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்கிற வியாதி. பெருங்குடலின் உட்சுவர் முழுவதும் புண்ணாகி ரத்தம் கசியும். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே வழிதவறிப் போய், சொந்தக் குடலைச் சத்துரு என்று நினைத்துத் தாக்குகிறதாம். ஏன் அப்படி நினைக்கிறது என்பது டாக்டர்களுக்கே இன்னும் முழுசாகப் புலப்படவில்லை. ஒரு முறை வந்தால் ஆயுள் பூராவும் கூடவே இருக்கும். சில மாதம் அடங்கிக் கிடக்கும். பிறகு ஒரு நாள், அழைக்காத சம்பந்தி மாதிரி, மூட்டை முடிச்சோடு வந்து இறங்கும். கல்லூரியில் இரண்டாவது வருஷத்தோடு நின்றுவிட்டவன் நான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பட்டம் வாங்குகிற அளவுக்குப் படித்திருக்கிறேன். இதைத் தனி வியாதி என்று 1859-ல் எழுதிவைத்தவர் லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியின் டாக்டர் சாமுவேல் வில்க்ஸ். ஆகவே நான் வியாதியின் பிறந்தகத்துக்கே குடிபோனேன் என்று சொல்ல வேண்டும்.

போகும்போது அது எனக்குத் தெரியாது. 2011-லிருந்தே சென்னையில் அவ்வப்போது ரத்தமும் சீதமுமாகப் போய்க்கொண்டிருந்தது. நம் ஊரில் ரத்தமும் சீதமும் என்றால் அமீபா. அமீபா என்றால் மெட்ரோனிடசோல். வாய் கசக்கக் கசக்க ஐந்து நாள் சாப்பிடுவேன், நிற்கும். ஆறு மாதத்தில் திரும்ப வரும். அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். கிருமி மலிந்த ஊரில் முதலில் கிருமியைத்தானே சந்தேகிக்க வேண்டும்?

2015-ல் மனைவிக்கு லண்டனில் உத்தியோகம் கிடைத்தது. மனைவி சம்பாதிக்க, புருஷன் வீட்டில் உட்கார்ந்து கதை எழுதுவது என்று ஏற்பாடு. கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் என்கிற பேட்டையில் ஜாகை. தெருவில் இறங்கினால் வெண்டைக்காயும் முருங்கைக்காயும் கிடைக்கும். நடக்கிற தூரத்தில் முருகன் கோயில். வெளிநாட்டுக்கு வந்திருக்கிறோம் என்று குளிர்தான் ஞாபகப்படுத்தியது. வந்த முதல் வருஷத்துக்குள்ளேயே வியாதி பெரிதாகக் கிளம்பியது. இங்கே ஒரு பையனைப் போல இருந்த டாக்டர், கிருமி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை என்று வந்ததும் கொலோனோஸ்கோப்பிக்கு அனுப்பினார். அதற்கு முதல் நாள் குடிக்கக் கொடுத்த மருந்தைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை அதோடு முடிந்துவிடும். விட்டுவிடுகிறேன்.

வியாதிக்குப் பெயர் வைத்த அன்று டாக்டர் கேட்ட கேள்வி மட்டும் முக்கியம். "உங்கள் குடும்பத்தில் வேறு யாருக்காவது இது உண்டா? அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள்?" என்றார். "கிடையவே கிடையாது" என்றேன், குடும்ப கௌரவத்தைக் காப்பாற்றுகிறவன் மாதிரி.

மெசலசின் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் நான் பழைய மனுஷனானேன். இரண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. இங்கேதான் நான் புத்தி கெட்டுப்போனேன். ஒரு உறவினர், "நல்லாத்தானே இருக்கே, எதுக்கு இங்கிலீஷ் மருந்தை வாழ்நாள் பூராவும் முழுங்கறே?" என்று சொல்லி, ஒரு லேகியத்தை ஊரிலிருந்து அனுப்பிவைத்தார். ருசியாக இருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. மாத்திரைப் பெட்டி குறையாமல் இருப்பது தெரிந்துவிடப் போகிறதே என்று தினமும் இரண்டை எடுத்துக் குப்பையில் போட்டேன். நாற்பது வயசு மனுஷன் செய்கிற காரியமா இது? மாத்திரை சாப்பிட்டதனால்தான் நன்றாக இருக்கிறேன் என்கிற சின்ன விஷயம் என் புத்திக்கு எட்டவில்லை. லேகியத்தின் மேல் பழியில்லை. அது பாட்டுக்கு இஞ்சியும் வெல்லமுமாக இருந்தது.

2019 ஜனவரியில் ஒரு நாள் பதினாறு தடவை. இரவு பகல் தெரியவில்லை. வாயு பிரிகிறதென்று நினைத்தால் ரத்தம். காய்ச்சல், படபடப்பு. மனைவி ஒரு டாக்ஸியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். குப்பையில் போட்ட மாத்திரைகளைப் பற்றி அந்த டாக்ஸியில்தான் அவளிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசவில்லை. ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

வார்டில் சேர்த்ததும் நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து கட்டில் காலில் மாட்டினாள். ஒவ்வொரு தடவை போகும்போதும் நேரம், அளவு, ரத்தம், ரகம் எல்லாம் அதில் எழுத வேண்டும். ரகம் என்பது பிரிஸ்டல் நகரத்து டாக்டர்கள் வகுத்தது. மலத்தை ஏழு வகையாகப் பிரித்துப் படம் போட்டிருக்கிறார்கள். நம் தொல்காப்பியர் அகத்திணையை ஏழாகப் பிரித்தார்; இவர்கள் இதை ஏழாகப் பிரித்திருக்கிறார்கள். நான் ஏழாவது திணையில் இருந்தேன்.

கையில் ஊசி போட்டு ஹைட்ரோகார்ட்டிசோன் ஏற்றினார்கள். இந்த ஜாதி மருந்து இந்த வியாதிக்குக் கேட்கும் என்று நிரூபித்தவர்கள் ஆக்ஸ்போர்டில் ட்ரூலவ், விட்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள். 1955-ல் அவர்கள் பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். அதற்கு முன்னால், வியாதி பலமாகக் கண்டவர்களில் கணிசமானவர்கள் செத்துத்தான் போனார்கள். அந்த இரண்டு பேருக்கும் எங்கேயாவது சிலை இருக்கிறதா, தெரியவில்லை. தளபதிகள் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிற சிலைகளை லண்டனில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லோரும் மூன்றாம் நாளுக்காகக் காத்திருந்தார்கள். ஏனென்று பிறகுதான் தெரிந்தது. அதே ஆக்ஸ்போர்டில் 1996-ல் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். மருந்து ஏற்ற ஆரம்பித்த மூன்றாம் நாளில் நோயாளி எட்டுத் தடவைக்கு மேல் போனாலோ, அல்லது மூன்றுக்கும் எட்டுக்கும் நடுவில் போய் ரத்தத்தில் சி.ஆர்.பி. என்ற அளவு 45-க்கு மேல் நின்றாலோ, அந்தத் தடவையே குடலை எடுக்க வேண்டி வருவது 100-க்கு 85 பேருக்கு. கணக்கில் இத்தனை பயத்தை எனக்கு எந்த வாத்தியாரும் ஊட்டியதில்லை. மூன்றாம் நாள் நான் ஏழு தடவை போனேன். எட்டாவதை மனசால் பிடித்து நிறுத்தினேன் என்றே நினைக்கிறேன். ஆனால் சி.ஆர்.பி. 60-க்கு மேல்.

அன்று பிற்பகல் ஒரு நர்ஸ் அம்மாள் கையில் கறுப்புப் பேனாவோடு வந்தாள். குடலை எடுத்துவிட்டால் வயிற்றில் ஒரு துவாரம் வைத்து வெளியே பை மாட்டுவார்கள். அந்தத் துவாரத்துக்கு இடம் குறித்துவைக்க வந்திருக்கிறாள். எடுப்பார்கள் என்று நிச்சயமில்லை, எடுத்தால் இடம் சரியாக இருக்க வேண்டுமல்லவா என்றாள். உட்காரச் சொன்னாள், நிற்கச் சொன்னாள், குனியச் சொன்னாள். "உங்கள் உடுப்பு இடுப்பில் எந்த இடத்தில் இறுகும்?" என்று கேட்டாள். வீட்டில் வேஷ்டி கட்டுகிறவன் நான். வேஷ்டி என்றால் அவளுக்குத் தெரியவில்லை. கட்டில் விரிப்பை உருவி அவள் முன்னால் கட்டிக் காட்டினேன். "அழகாக இருக்கிறது" என்று சொல்லி, முடிச்சுக்குக் கீழே வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி வைத்தாள். அவள் போன பிறகு அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருஷ்டிப் பொட்டு மாதிரி இருந்தது.

எதிர்க் கட்டிலில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். 1985-ல் லண்டனுக்கு வந்தவர், பேப்பர் கடை வைத்திருந்தவர். குடல் இறக்கத்துக்காகப் படுத்திருந்தார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்.

"தம்பி, என்ன கூரையைப் பாத்து யோசிக்கிறீர்?" என்றார்.

சொன்னேன். அவர் போர்வையை விலக்கிச் சட்டையைத் தூக்கினார். வயிற்றில் ஒரு பை.

"இது வந்து இருபது வருசம் முடிஞ்சுது. இதோடதான் கடை நடத்தினனான். இதோடதான் மகளைக் கட்டிக் குடுத்தனான். போன வருசம் நல்லூர்த் திருவிழாவுக்கும் இதோடதான் போய் வந்தனான். வெட்டினா வெட்டட்டும், வெட்டாட்டி அதுவும் நல்லம். உயிர் இருந்தாக் காணும், தம்பி."

அவருக்கும் இதே வியாதிதான். அந்த வார்டில் எத்தனையோ நிபுணர்கள் எனக்குத் தைரியம் சொன்னார்கள். சட்டையைத் தூக்கிக் காட்டியவர் அவர் ஒருவர்தான். அன்று இரவு நான் தூங்கினேன்.

வெட்டவில்லை. கடைசி முயற்சி என்று இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தை ஏற்றினார்கள். நம் தேசத்துக்காரன் என்பதால், பழைய க்ஷயரோகம் எங்கேயாவது பதுங்கியிருந்து இந்த மருந்தில் கிளம்பிவிடப் போகிறதே என்று மார்புக்குப் படம் எடுத்துப் பார்த்த பிறகே ஏற்றினார்கள். அதில் கால் பங்கு எலியின் சரக்கு, முக்கால் பங்கு மனுஷ சரக்கு என்று டாக்டர் விளக்கினார். பிள்ளையார் தம் வாகனத்தை அனுப்பியிருக்கிறார் என்று மனைவி சொன்னாள். டாக்ஸிக்குப் பிறகு அவள் என்னோடு பேசிய முதல் தமாஷ் அது. இரண்டாம் நாள் ஐந்து தடவை, பிறகு மூன்று, பிறகு இரண்டு. பத்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கறுப்புப் புள்ளி குளித்துக் குளித்து மறைய மூன்று வாரம் ஆயிற்று.

அன்று முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் போய் இரண்டு மணி நேரம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து அந்த மருந்தை ஏற்றிக்கொள்கிறேன். என்னைக் கட்டியிருக்கிற கயிற்றின் நீளம் எட்டு வாரம். அதற்குக் காசு இல்லை. கடையில் வாங்குகிற மாத்திரைக்கு மட்டும் இங்கிலாந்தில் காசு உண்டு. 2025 கணக்குப்படி ஒரு மருந்துக்கு 9 பவுன் 90 பென்ஸ். எந்தெந்த நெடுநாள் வியாதிக்காரருக்கு மருந்து இலவசம் என்று 1968-ல் ஒரு ஜாபிதா தயாரித்தார்கள். அதில் என் வியாதி இல்லை. ஆனால் குடலை எடுத்து நிரந்தரமாகப் பை வைத்துவிட்டால் எல்லா மருந்தும் இலவசம். அதாவது குடலை வைத்துக்கொண்டிருப்பதற்குக் கட்டணம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் யாருக்குமே காசில்லை. அங்கே போய்க் குடியேறலாமா என்று ஒரு தரம் யோசித்தோம். குளிரை நினைத்து விட்டுவிட்டோம்.

ஆஸ்பத்திரியைவிடப் பெரிய பரீட்சை தெருவில்தான். இந்த வியாதிக்காரனுக்கு அவசரம் என்றால் அரை மணி நேர அவசரமில்லை, இரண்டு நிமிஷம். பாதாள ரயிலில் கக்கூஸ் கிடையாது. ஸ்டேஷன்களில் சிலவற்றில் உண்டு. இருப்பதில் சில பூட்டிக் கிடக்கும். இத்தனைக்கும் பொதுக் கக்கூஸ் என்ற தர்மத்தை உலகத்துக்குக் காட்டிய ஊர்களில் இதுவும் ஒன்று. 1851-ல் ஹைட் பார்க்கில் பெரிய கண்காட்சி நடந்தபோது ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்கிற குழாய்க்காரர் தண்ணீர் பாய்ச்சும் கக்கூஸ்களை அமைத்து, ஆளுக்கு ஒரு பென்னி வாங்கினார். 8,27,280 பேர் காசு கொடுத்துப் போனதாகக் கணக்கு. "ஒரு பென்னி செலவழித்துவிட்டு வருகிறேன்" என்று இங்கே கிழவிகள் இன்னும் சொல்கிறார்கள். நாம் கொல்லைக்குப் போவது மாதிரி.

யாழ்ப்பாணத்துப் பெரியவர் வீட்டுக்குப் போகிற அன்று என்னிடம் ஒரு சாவியைக் கொடுத்தார். சாதாரணச் சாவியைவிடத் தடி. "இஞ்சை இது இல்லாமல் வெளிக்கிடக் கூடாது, தம்பி" என்றார். ஊனமுற்றவர்களுக்கான பொதுக் கக்கூஸ்களைத் திறப்பதற்காக 1981-ல் ஏற்பட்ட ஏற்பாடு அது. தேசம் பூராவும் ஆயிரக்கணக்கான கதவுகளுக்கு ஒரே சாவி. காலும் கையும் நன்றாக இருக்கிற நான் அந்தக் கதவைத் திறக்கும்போது வரிசையில் நிற்கிறவர்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே! முதல் இரண்டு தடவை கொஞ்சம் நொண்டிக்கொண்டு போனேன். பிறகு அந்த நாடகத்தை விட்டுவிட்டேன்.

சாவி உதவாத இடமும் உண்டு. ஒரு நாள் பெரிய கடைத்தெருவில் அகப்பட்டுக்கொண்டேன். "எனக்கு வியாதி, காத்திருக்க முடியாது" என்று அச்சடித்த அட்டை ஒன்றை இந்த வியாதிக்காரர் சங்கத்தில் கொடுத்திருக்கிறார்கள். அதை ஒரு கடையில் காட்டினேன். அந்தப் பெண் நிதானமாகப் படித்து, மேனேஜரைக் கேட்க உள்ளே போனாள். திரும்பி வருகிற வரையில் என்னால் நிற்க முடியாது. பக்கத்தில் சில்ஹெட்காரர் ஒருவரின் காய்கறிக் கடை. உள்ளே ஓடி அட்டையை நீட்டினேன். அவர் அட்டையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். வெங்காய மூட்டைகளைக் காலால் தள்ளி வழி செய்து, பின்பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ஒரு வாளியும் குவளையும் இருந்தன. வெளியே வந்தபோது எனக்குக் கண் கலங்கியிருந்தது. அவர் அதைக் கவனிக்காத மாதிரி, "கொத்தமல்லி புதிசு" என்றார். இரண்டு கட்டு வாங்கினேன். இன்றைக்கும் காய்கறி அங்கேதான்.

குவளை என்றதும் சொல்கிறேன். காகிதத்தோடு எனக்குச் சரிப்படாது. புண்ணான உடம்புக்கு அது ஆகவும் ஆகாது. ஆகையால் தோளில் மாட்டுகிற பையில் எப்போதும் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு மாற்று உடுப்பு, அந்தச் சாவி. எங்கே போனாலும் முதலில் கதவு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு அதன் பக்கத்தில் உட்காருவேன். கூட்டங்களுக்குப் பேசக் கூப்பிட்டால் பெரும்பாலும் வருவதில்லை என்று சொல்லிவிடுவேன். "எழுத்தாளருக்குக் கொஞ்சம் கர்வம் ஜாஸ்தி" என்று லண்டன் தமிழர்களிடையே ஒரு பேச்சு உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

2020-ம் வருஷத்தைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

2022 டிசம்பரில் ஊருக்குப் போனேன். ஒரு மருந்துக்கும் அடுத்த மருந்துக்கும் நடுவில், டாக்டரின் கடிதம் ஒரு பக்கமும் மாத்திரைகள் ஒரு பக்கமுமாக, விமானத்தின் வால் பக்கத்தில் ஓரத்து ஸீட். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அம்மாவுக்கு அப்போது எழுபத்தாறு வயசு. அவளிடம் என் வியாதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. டெலிபோனில் கேட்டால், "இந்தக் குளிரில் பசிக்கிறதில்லை, இளைத்துவிட்டேன்" என்று சொல்லிவந்தேன்.

தை பிறந்ததும் மாமா பேத்திக்குக் கல்யாணம். மண்டபத்தில் முன்வரிசையில் எனக்கு நாற்காலி போட்டார்கள். நான் நைஸாக நழுவி, கைகழுவுகிற இடத்துக்குப் போகிற கதவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். தாலி கட்டுகிற நேரத்தில் எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள். அம்மா திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராத்திரி வீட்டுத் திண்ணையில் கேட்டாள்.

"ஏந்தம்பி, உனக்கும் ரத்தமாப் போவுதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கும்" என்றது காதில் விழ ஒரு நிமிஷம் ஆயிற்று.

என் அப்பா அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை. எனக்குப் பன்னிரண்டு வயசாக இருக்கும்போது, 1990-ல் போய்விட்டார். கடைசியில் மஞ்சளாக வெளுத்துப் போயிருந்தார். மூலம் என்று சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இருக்கிற அப்பா எவரோடும் ஒட்டாதவர். கல்யாணம் கார்த்தி எதற்கும் வர மாட்டார். வந்தாலும் வாசலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் எழுந்து போய்விடுவார். மில்லுக்கு பஸ் இருக்கும்போது, மூன்று மைல் வயல் வரப்பில் நடந்துதான் போவார், ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு. கர்வி என்று ஊரில் பெயர். நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பியது மட்டுமா? என் முதல் நாவலில் ஒரு தகப்பனார் வருகிறார். மனுஷர்களை வெறுக்கிறவர், பெற்ற பிள்ளையோடு ஒரு பந்தியில் உட்காராதவர். அந்தப் பாத்திரப் படைப்பை விமரிசகர்கள் கொண்டாடினார்கள். பரிசும் வாங்கினேன்.

"பஸ்ஸை நிறுத்தச் சொல்ல முடியுமா? வரப்புன்னா பக்கத்துல வாய்க்கா இருக்கும்" என்றாள் அம்மா. "பையில செம்பும் ஒரு வேட்டியும் இருக்கும். யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு என் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

"நாவலைப் படிச்சியேம்மா, அப்பவாவது சொல்லக் கூடாதா?"

"நீ நல்லா எழுதியிருந்தே. நான் என்னத்தைச் சொல்ல?"

எதிரே என் தோள்பை கிடந்தது, தண்ணீர் பாட்டிலோடு. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அப்பாவுக்கு இருந்தது இதே வியாதிதானா என்று இப்போது எவராலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. குழாய் விட்டுப் பார்த்த ஒருவரும் இல்லை. ஆனால் இந்த வியாதி சில குடும்பங்களில் தொடரும் என்பது டாக்டர்களுக்குத் தெரியும். லண்டனுக்குத் திரும்பியதும் என் டாக்டரிடம், "கிடையவே கிடையாது என்று சொன்னேனே, அது பிசகு" என்றேன். அவர் என் காகிதங்களில் அதைத் திருத்தி எழுதிக்கொண்டார். நாவலை எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை.

அம்மா இன்னொன்றும் சொன்னாள். 1984-ல் அப்பாவின் ஒரே தங்கைக்குத் திருச்சியில் கல்யாணம். அண்ணன் போகவில்லை. மூன்று மணி நேர பஸ் பிரயாணம். அந்தச் சமயம் அவருக்கு மோசமாக இருந்திருக்கிறது. பணத்தையும் புடவையையும் அம்மாவிடம் கொடுத்து அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார். கைப்பிடித்துக் கொடுக்க அண்ணன் வராத அவமானத்தை அத்தை மறக்கவில்லை. அப்பா செத்த அன்றுதான் எங்கள் வீட்டு வாசலை மிதித்தாள். அப்போதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

மறுநாளே திருச்சிக்குப் புறப்பட்டேன். "சத்தியம் நான் பண்ணினது. நீ பண்ணலையே, போய்ச் சொல்லு" என்று அம்மாதான் சொன்னாள்.

அத்தை வயசானாலும் மிடுக்குக் குறையாமல் ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தாள். நான் சுற்றி வளைக்கவில்லை. என் வியாதியை முதலில் சொன்னேன், பிறகு அப்பாவுடையதை. செம்பு, வரப்பு, வாய்க்கால் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை ஊஞ்சலை நிறுத்திவிட்டாள். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

"இதுக்காகவா அண்ணன் வரலை?" என்றாள். "கல்யாண வீட்டுல கொல்லையில கக்கூஸ் இருந்துச்சேடா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கிணத்தடி ரூமையே ஒழிச்சுக் குடுத்திருப்பேனே. காரு வச்சு அழைச்சுட்டு வந்திருப்பேனே. ஒரு வார்த்தை!"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சட்டென்று ஞாபகம் வந்தவள் போல் என்னைப் பார்த்தாள்.

"நீ அவ்வளவு தூரம் பஸ்ஸுல வந்திருக்கியே. மொதல்ல போயிட்டு வா. தோ, அந்தக் கதவுதான். தண்ணி இருக்கு" என்றாள்.